ராக்காயிக்கு எட்டும் உயரம்

வினோஜன் அப்பாவுக்கு,

சோறு சட்டியில் இருக்கிறது, பருப்பைச் சுடவைத்துக்கொள்ளுங்கள். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. ராக்காயி றொசல்லைக்குத் தங்கச்சியைப் பார்க்கப் போகிறாள், அந்தி ரயிலில் வந்துவிடுவாள். கோபித்துக்கொண்டு போனாள் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். கோபம்தான், ஆனாலும் சொல்லாதீர்கள்.

குசினிக்குப் பலகைத் தட்டு அடிக்க நினைத்தீர்கள். அதற்குப் படம் வரைய இலவசமாக எந்த சொஃப்ட்வெயார் நல்லது என்று ஜீவராணி டீச்சரை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். "ஃப்ரீகேட் ஒங்க பழைய லெப்டொப்புக்குப் பாரங்கண்ணே. பலகை வெட்ட லிப்ரேகேட்டே போதும்" என்றாள். அது சரி, படித்தவள், கேட்கலாம். அதில் ராக்காயிக்குக் கோபமில்லை.

மேல் தட்டு எவ்வளவு உயரம் என்பதையும் டீச்சரிடமேயா கேட்பது? அவள் எழும்பிக் கையை நீட்டி, "இந்தா, இதுவரைக்கும் எட்டுதுங்கண்ணே" என்றாள். நீங்களும் டேப்பை வைத்து அளந்து அதையே படத்தில் போட்டீர்கள். அந்தக் குசினியில் தினமும் வேகிறவள் தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்தில்தான் நின்றாள்.

டீச்சர் அந்தத் தட்டுப் படத்தைப் பார்க்க வந்தால் பிஸ்கட் கொடுங்கள். கிறீம் வைத்தது வேண்டாம், மற்றது.

அடுப்புக்கு மேலே சுவரில் கரிக்கோடு இருக்கிறது. ராக்காயி கையை நீட்டிப் போட்டது. மேல் தட்டு அங்கேதான் வரவேண்டும்.

அடியில் இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: டீச்சரைவிட ரொம்பக் குட்டையாகத் தெரியக் கூடாதென்று கொஞ்சம் எக்கித்தான் போட்டேன். நாலு விரல் இறக்கியே அடியுங்கள்.