நீல நூல் கட்டுகிறவள்

அன்புள்ள மகள் சத்யபிரியாவுக்கு அம்மா எழுதுவது. அழகுத்தாய் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பி வந்துவிட்டாள். இதை முதலில் சொன்னால்தான் மற்றதை நீ நிம்மதியாகப் படிப்பாய். இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி சுந்தரபாண்டியும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தப் பிராங்க்பர்ட் குளிரில் காதை மூடிக்கொண்டு நல்லபடியாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் பேச ஆரம்பித்தால் பாதியில் ஒரு லோடு வந்து நிற்கிறது, நீயும் ஆய்வகத்தில் கையில் என்னவோ குழாயை வைத்துக்கொண்டு ம் ம் என்கிறாய். திருச்சுழிப் பக்கம் ரெண்டு மாதத்துக்கு முந்தி களத்தில் மிளகாய் வத்தல் காயும்போது தூறல் போட்டுவிட்டது, அதனால் இந்த வருசம் வருகிற மூடைகளில் ஈரம் கொஞ்சம் அதிகம். அங்கிருந்துதான் இத்தனை வினையும் ஆரம்பித்தது.

நம் கோடவுன் முறை உனக்குத் தெரியும், சின்னப்பிள்ளையில் அந்த நீல நூலைக் கையில் சுற்றிக்கொண்டு திரிந்தவள்தானே நீ. மூடையில் கம்பியைக் குத்தி நாலு வத்தலை எடுத்து அழகுத்தாய் காதோரம் வைத்துக் குலுக்குவாள். விதை கலகலவென்று சத்தம் கொடுத்தால் நல்ல மூடை. மெத்தென்று இருந்தால் மூடை வாயில் நீல நூல். ஒரு இழை கட்டினால் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று அர்த்தம், நாலு இழை கட்டிவிட்டால் கழிவு, அரவைக்குப் போக வேண்டியதுதான். தூக்குகிற ஆள் மூடைக்குள் பார்க்க மாட்டான், நூலை மட்டும்தான் பார்ப்பான். லாரியில் ஏற்றும்போது நூலை அவிழ்த்து அழகுத்தாய் டப்பாவில் போட்டுவிடுவான், அதே நூல் அடுத்த மூடைக்கு. இருபத்திரண்டு வருசமாக இப்படித்தான் நடக்கிறது. நானும் அவளும் ஒரே சாக்கில் உட்கார்ந்து கூலிக்கு வத்தல் காம்பு கிள்ளியவர்கள், நான் வியாபாரத்துக்கு வந்ததும் முதலில் கூப்பிட்டது அவளைத்தான்.

போன மாதம் வீரசோழன் ஊர்க் கடைக்கார பாய் போன் போட்டு, உங்கள் கோடவுன் முண்டு வத்தல் அருமையாக இருக்கிறது, இன்னும் நாப்பது மூடை கிடைக்குமா என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு நான் ஒரு மூடைகூட அனுப்பவில்லையே. விசாரித்தால், நம்மிடம் கழிவை அடிவிலைக்கு எடுக்கிற தரகர் நல்லகண்ணு கொடுத்திருக்கிறார். நாலு இழை கட்டிக் கழிவென்று போன மூடைகள் அத்தனையும் முதல் தரம். எனக்கு வந்த கோபத்தில் காம்பு கிள்ளுகிற பொம்பளைகள் அத்தனை பேர் முன்னாலும் அழகுத்தாயைப் பார்த்து, கையும் காதும் செத்துப்போச்சுன்னா வீட்டோட கெட என்று சொல்லிவிட்டேன். அவள் நூல் டப்பாவை மூடி என் மேசையில் வைத்துவிட்டுப் பாளையம்பட்டி வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் அப்பா என்னிடம் சரியாகப் பேசவில்லை. நானும் வீம்பாக இருந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ வழக்கம்போல அந்தக் கருப்பைவாய்ப் பரிசோதனைக்குப் போனாயா என்று கேட்டாய். ஒரு வருசமாகக் கேட்கிறாய், நானும் ஒரு வருசமாக மழுப்புகிறேன். வலியா நோவா, எதுக்குடி என்று கேட்டதற்கு நீ கோபப்படாமல் உன் வேலையைப் பற்றிச் சொன்னாய் பார், அது எனக்கு அப்படியே மனதில் நின்றுவிட்டது. உடம்பில் ஒவ்வொரு செல்லிலும் புரதங்கள் வேலை செய்கின்றன, கெட்டுப்போனது, வேலை முடிந்தது எல்லாவற்றையும் உடைக்க வேண்டும், எதை உடைப்பது என்று காட்ட அதன்மேல் ஒரு சின்ன அடையாளத்தைச் செல்லே ஒட்டிவிடும் என்றாய். அதன் பேர் என் வாயில் நுழையவில்லை, விடு. ஒரு நொதி அந்த அடையாளத்தைத் தயார் செய்து கொடுக்கும், இரண்டாவது வாங்கிச் சுமந்து வரும், மூன்றாவதுதான் எந்தப் புரதம் என்று பார்த்து ஒட்ட வைக்கும், அந்த மூன்றாவதில் மட்டும் அறுநூறு வகைக்கு மேல் என்றாய். ஒன்று ஒட்டினால் போதாது, பெரும்பாலும் குறைந்தது நாலு சங்கிலியாகச் சேர்ந்தால்தான் அரவைக்குப் போகும், அரைக்குமுன் அடையாளத்தைக் கழற்றி மறுபடி உபயோகிக்கும் என்றதும் நான் சிரித்துவிட்டேன். படிப்புக்கு இத்தனை செலவழித்து நம் கோடவுனைத்தானே படித்திருக்கிறாய் என்றேன்.

ஆனால் அதற்கப்புறம் நீ சொன்னதில்தான் எனக்குச் சிரிப்பு நின்றது. கருப்பைவாயில் ஒரு வைரஸ் வந்து உட்காரும், செல்லைக் காவல் காக்கிற புரதம் ஒன்று இருக்கிறது, அது இருக்கிறவரைக்கும் பழுதான செல் பெருக முடியாது, வைரஸ் அந்தக் காவலாளியைத் தன் கையால் அழிக்காது, நம்முடைய ஒட்டுகிற நொதியையே கூட்டிக்கொண்டு வந்து, இதுதான் கழிவு என்று காட்டிக் காவலாளிமேல் அடையாளத்தை ஒட்ட வைக்கும் என்றாய். அப்படியானால் ஒட்டுகிறவள் மேல் தப்பில்லையா என்று கேட்டேன். அவள் எப்போதும்போலத்தான் வேலை செய்கிறாள் அம்மா, பக்கத்தில் நிற்கிறவன்தான் மாறிவிட்டான் என்றாய். எனக்குச் சுருக்கென்றது. முழங்கால் வலி வந்ததிலிருந்து அழகுத்தாய் எழுந்து போவதில்லை. கழிவு எடுக்க வருகிற நாளெல்லாம், நீ உட்காரு ஆத்தா, நான் எடுத்துத் தாரேன் என்று கம்பியை வாங்கி மூடையில் குத்தி அவள் கையில் வத்தலைக் கொடுத்தது யார்? நல்லகண்ணுதான். நானே அதைப் பார்த்து, நல்ல மனுசன் என்று நினைத்திருக்கிறேன். நாலு இழை கட்டியது அவள் கைதான், ஆனால் அந்தக் கைக்கு வந்த வத்தல் அந்த மூடையுடையதா?

செவ்வாய்க்கிழமை அவர் வந்தபோது வேறொருத்தியை டப்பாவோடு உட்கார வைத்துவிட்டு நான் காம்பு கிள்ளுகிறவர்களோடு முக்காட்டைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன், பழைய பழக்கம்தானே. அவர் குத்தினார், கொடுத்தார், மெத்தென்று இருந்தது. எழுந்து போய் நான் அதே மூடையில் குத்தினேன், கலகலவென்றது. அவர் இடுப்பு மடிப்பில் ஈரத்துணியில் சுற்றிய வத்தல் பொட்டலம். என்னண்ணே இது என்றேன், வீட்டுக்குழம்புக்கு வாங்கினதும்மா என்கிறார். கூடியிருந்த பொம்பளைகள் அவர் வீட்டுக் குழம்பைப் பற்றிச் சொன்னதை நான் இதில் எழுத முடியாது. இனிமேல் நம் வாசல் மிதிக்க மாட்டார்.

மறுநாளே பாளையம்பட்டிக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவள் மருமகளிடம், “மொதலாளியம்மா வந்திருக்காக, அந்தப் பாயை எடுத்துப் போடு” என்றாள். என்னை ராக்கு என்று தவிர வேறு பேர் சொல்லாதவள். பாயில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், நீ சொன்னதையும் சேர்த்துத்தான். காவலாளிக்கே நூல் கட்டுகிற கதையை மட்டும் இரண்டு தடவை கேட்டாள். கேட்டு முடித்ததும், “அப்ப எனக்குள்ளயும் ஒருத்தி நூல் கட்டிக்கிட்டு இருக்காளாக்கும். அவளையாச்சும் யாரும் வையாம இருக்காகளா?” என்றாள். சத்யா, இருபத்திரண்டு வருசத்தில் அவள் முன்னால் நான் கண்ணைத் துடைத்தது அன்றைக்குத்தான். அப்புறம் அவளே, அந்த வைரஸு நமக்கும் வந்திருக்குமோ என்று மெதுவாகக் கேட்டாள். வந்தாலும் முக்கால்வாசி தானாகப் போய்விடும், போகாததை வருசக்கணக்கு முந்தியே கண்டுபிடித்து எடுத்துவிடலாம் என்று நீ சொன்னதைச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் பேச்சு சுமுகமாயிற்று.

உனக்கு வத்தல் பொடியும் சீரணி மிட்டாயும் பார்சல் போட்டிருக்கிறேன், பக்கத்து அறைப் பிள்ளைக்கும் கொடு. மத்தியானம் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு நாளை ஓட்டாதே. ஆய்வகத்தில் உனக்கு யாராவது குத்திக் கொடுத்ததை அப்படியே நம்பாமல் நீயே எழுந்து போய் ஒரு தடவை குத்திப் பார், அம்மா பட்டுச் சொல்கிறேன். பூமிநாதர் உன் கைக்குத் தெளிவும் உடம்புக்குப் பலமும் கொடுத்து உன்னை நல்லபடி வைத்திருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைத் தம்பி இன்றைக்கே போட்டோ பிடித்து உன் போனுக்கு அனுப்பிவிடுவான், வருகிற புதன்கிழமை ஜெர்மனியில் விடிந்ததும் எனக்குப் போன் செய்ய மறக்காதே, ஏன் என்று கீழே இருக்கிறது.

இப்படிக்கு உன் அம்மா,
ராக்கம்மாள்

அழகுத்தாயும் நானும் பேசி முடித்தது: யார் முன்னால் வைதேனோ அவர்கள் முன்னாலேயே தப்பு என்னுடையது என்று நான் சொல்ல வேண்டும், திங்கட்கிழமை சொல்லிவிட்டேன். இனிமேல் கம்பி அவள் கையில் மட்டும், அதற்கு உயரமான ஒரு ஸ்டூலும் கூடமாட ஒரு ஆளும் நான் தர வேண்டும். புதன்கிழமை காம்பு கிள்ளுகிறவர்கள் உட்பட பதினோரு பேரும் டவுன் பெரியாஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குப் போவது, அன்றைக்கு முழுக் கூலியும் காலை டிபனும் என்னுடையது. மேசையில் முதலில் ஏறிப் படுக்க வேண்டியது நான், என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள்.