வாசற்பனி கிடக்கட்டும்

ஒஸ்லோவின் ஓரத்தில், எங்கள் எல்லிங்ஸ்ருட்டில் நேற்றுத் தொடங்கிய பனி, காலையில் கதவைத் திறக்க விடவில்லை. வடக்கே மீன் தொழிற்சாலைக்கு இயந்திரம் திருத்தப் போக வேண்டியவன், பயணப் பையோடு குந்தியிருக்கிறேன். விமானம் ஓடாதாம். பக்கத்து வீட்டுக்காரி சவளால் தன் வாசலில் பனி அள்ளுகிற சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தத்துக்கு உம்முடைய ஞாபகம் வராமல் இருக்குமா?

ஒரு பயணத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே நான் வீட்டில் நின்ற நாட்களில்தானே நாங்கள் குடும்பம் நடத்தினோம். நான் வெளிக்கிட்டால், போய்ச் சேர்ந்தேன் என்று தொலைபேசி எடுக்கும்வரை வாசற்பனியில் நீர் கை வைக்கமாட்டீர். ஊரில் ஆள் பயணம் போன கையோடு வீடு கூட்டமாட்டார்கள். கூட்டினால் போனவர் திரும்பி வருவது சந்தேகமாம். ஒஸ்லோவுக்கு வந்தும் அதை விட்டீரா? விளக்குமாற்றோடு சவளையும் சேர்த்துக்கொண்டீர். தபால்காரர் ஒருநாள் சறுக்கி விழுந்து, எழும்பி நின்று ஏசினார். அவருக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தீரே தவிர, பனியை அள்ளவில்லை.

"அம்மா, அப்பா பிளேனிலை போறார். எங்கடை வாசல் அவருக்கு என்ன செய்யும்?" என்று மகள் நக்கலடிப்பாள்.

"நீ படிச்சனீ, உனக்கு எல்லாம் தெரியும். எனக்கு உன்ரை அப்பா வரோணும்."

வருத்தம் முற்றிய அந்தக் குளிர்காலத்தில், ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டில் கிடக்கிறேன் என்றீர். எடுக்கக்கூடிய லீவெல்லாம் எடுத்து முடிந்திருந்தது. மறுநாள் நான் துரொண்ட்ஹெய்முக்குப் போயாக வேண்டும். நான் இல்லாத நேரத்தில் கண்ணை மூடிவிடுவீரோ என்று எனக்கு ஒரே பயம். உமக்கும் அதே பயம்தான். அன்றைக்குப் பார்த்துப் பனி கொட்டி, பாதையெல்லாம் மூடிவிட்டது.

"இஞ்சாருங்கோ, இன்னும் கொட்டுதோ?"

"ஓம், விடுற மாதிரித் தெரியேல்லை."

"கொட்டட்டும். நல்லாக் கொட்டட்டும்" என்று சிரித்தீர். நான் வைத்த ரசத்தில் உப்பில்லை என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு கரண்டி குடித்தீர். அடுத்த நாள் விடிய, என் கை உம்முடைய நெற்றியில் இருக்க, மூச்சு அடங்கியது. அந்தப் பனியை நான் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

உம்மைக் கொண்டுபோன வண்டி போனதும் மறுபடி பனி தூறியது. திராமனில் இருந்து வந்திருந்த உம்முடைய தங்கச்சி, பிரேதம் போனபின் செய்கிற முறைப்படி வீட்டைக் கழுவினாள். பிறகு வாசலைத் துப்பரவாக்கச் சவளை எடுத்தாள். நான் பறித்துவிட்டேன்.

"என்ன அத்தான் இது? பயணம் போன ஆளுக்கெல்லோ கூட்டாமல் விடுறது. அக்கா செத்துப்போனா" என்று அழுதாள்.

"தெரியும். வாசல் கிடக்கட்டும்."

தெரிந்துதான் சொன்னேன். ஆனால் நீர் திரும்பி வரவேண்டாம் என்று என் கையால் செய்ய எனக்கு மனம் வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் பின்கதவால் வந்து போனார்கள். வெயில் வந்து, அந்தப் பனி தானாகக் கரைந்து ஓடியது.

நீர் வரவில்லை. நான்தான் போய்ப் போய்த் திரும்பி வருகிறேன், கூட்டாமல் பார்த்திருக்க ஒருவரும் இல்லாத வீட்டுக்கு.