அவள் கூப்பிடும் பெயர்

ஜெகதாப்பட்டினம்,
12-11-1963

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் ஹவ்வா உம்மாள் ஸலாம் கூறி எழுதுவது. நானும் மகள் சம்சுவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். குவைத்தில் நீங்கள் சுகமாக இருப்பது உங்கள் கடிதத்திலேயே நன்றாகத் தெரிகிறது.

பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் நீங்கள் சமைத்துப் போடும் பள்ளிக்கூடத்து சல்மா டீச்சர் பற்றித்தான். பலஸ்தீனத்துப் பெண்ணாம், தன் சின்ன வயசுக் கதையை மேடையில் தனியாளாக நடிக்கிறாளாம், ஒரு வெள்ளைத் துணியை வைத்துக்கொண்டு கடலாகிறாளாம், ஆடாகிறாளாம், ஆரஞ்சு மரமாகிறாளாம். நானும் இங்கே தனியாளாகத்தான் எல்லாமாக இருக்கிறேன். யார் கைதட்டினார்கள்? கடைசி வரியில் மட்டும், இன்னும் இரண்டு வருஷம் இருக்கக் கையெழுத்துப் போடப் போவதாக எங்களுக்கு ஒரு செய்தி.

வயிறு எரிகிறது மச்சான், மறைக்க மாட்டேன். ஒரு தடவை பார்த்தீர்கள், சரி. வியாழக்கிழமைதோறும் முன்வரிசையில் என்ன வேலை? சண்டையில் வீட்டை விட்டு ஓடும்போது தொலைந்துபோன தம்பியை அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவாளாம், அவனுக்கும் உங்கள் பெயராம், நீங்கள் உங்களை மறந்து எழுந்து நின்றுவிட்டீர்களாம். புருஷன் பெயரை நாக்கில் வைக்கக் கூடாது என்று இருப்பவள் நான். தபால்காரர் கேட்டால்கூட சம்சுதான் சொல்வாள். அவளோ சபை நடுவே கூப்பிடுகிறாள், நீங்களும் எழுந்திருக்கிறீர்கள்.

கடிதத்தைச் சம்சுவுக்கு வாசித்துக் காட்டியது என் கெட்ட நேரம். அகதிக் கூடாரத்துக்குக் கதவில்லை என்று அந்தப் பெண் மணலில் கதவு வரைந்து, தட்டிவிட்டுத்தான் உள்ளே போவாள் என்று எழுதியிருந்தீர்களே, மறுநாளே நம் முற்றத்தில் ஒரு கதவு. மீன்கார இருளாயி அக்காகூடத் தட்டிவிட்டுத்தான் வர வேண்டும். கோழிக்கு அனுமதியே இல்லை. என் வெள்ளைத் துப்பட்டியை எடுத்துக்கொண்டு அவளே கடல், அவளே படகு. பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

நேற்று சாயங்காலம் அந்தக் கடைசிக் கட்டம் வந்தது. கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டு, இப்ப நான் தொலஞ்சு போனவன், பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா, கூப்பிட்டாத்தான் வருவேன் என்றாள். உங்கள் பெயரை எப்படிச் சொல்வேன், சம்சு உள்ளே வா என்றுதான் கூப்பிட்டேன். மழை பிடித்துக்கொண்டது. உங்கள் பிள்ளையாயிற்றே, நனைந்துகொண்டு அங்கேயே நின்றாள். அத்தனை பேர் முன்னால் சுலைமான் என்று கூப்பிட்டுவிட்டேன்.

சம்சு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். வாரா வாரம் கூப்பிட்டும் அந்தப் பெண்ணிடம் யாரும் ஓடி வந்திருக்க மாட்டார்கள் என்று அப்போதுதான் தோன்றியது. அவள் மேலிருந்த கோபம் பாதி குறைந்தது. பாதிதான். உங்கள் மேல் உள்ளது அப்படியே இருக்கிறது.

கையெழுத்துப் போடாதீர்கள். அவள் தம்பிக்கு வர வழியில்லை, உங்களுக்குக் கப்பல் இருக்கிறது. மழையில் அழிந்த கதவைச் சம்சு இன்று மறுபடி வரைகிறாள். அத்தா உயரத்துக்கு வேண்டுமாம், எவ்வளவு என்று கேட்டாள். கையைத் தூக்கிக் காட்டப் போனேன். எனக்கே சந்தேகமாகிவிட்டது மச்சான். நீங்களே வந்து நின்று காட்டுங்கள்.

அல்லாஹ் உங்களை நல்லபடியாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும். அந்தப் பெண்ணின் தம்பியையும்.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்திருக்கும்
ஹவ்வா உம்மாள்