தாடைக்கட்டில் செருகிய கனகாம்பரம்

அத்தை,

துணி அலமாரியை ஒதுக்கும்போது அந்தப் பழைய கட்டுத்துணி இன்று கையில் கிடைத்தது. தாடை அறுவைச் சிகிச்சை முடிந்ததும் நாடியிலிருந்து உச்சந்தலைவரை எனக்குச் சுற்றியிருந்தார்களே, அதுதான். விறைப்பெல்லாம் போய்த் தொளதொளவென்று கிடக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை.

உங்களுக்கும் எனக்கும் ஒரே தாடை. கீழ்த்தாடை முன்னே நீண்டு, முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். மாங்காய்த் துண்டை இரண்டு பேரும் கடைவாயில் ஒதுக்கித்தான் கடிப்போம். 'அத்தையை உரிச்சு வச்சிருக்குது' என்று யாராவது சொன்னால் எனக்குப் பெருமையாக இருக்கும்; உங்கள் முகம்தான் வாடிவிடும். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உங்களைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்களாம்.

மொரப்பூரில் ரயிலேறி, பிளாஸ்கில் வடிகட்டிய கேழ்வரகுக் கூழோடு சேலம் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டீர்கள்.

"பொழச்சி உக்காந்திருக்கிற புள்ளைக்கு இப்பிடியா கட்டுவாங்க? செத்தவங்களுக்குத்தான் நாடிய இழுத்து உச்சியில முடிச்சுப் போடுவாங்க. அவுத்து வுடுங்க."

"வீக்கம் வடியறதுக்குங்கம்மா. அவுக்கக் கூடாதுங்க" என்றார் நர்ஸ்.

அவிழ்க்க விடமாட்டார்கள் என்று தெரிந்ததும், உங்கள் கொண்டையிலிருந்து கனகாம்பரத்தைக் கிள்ளி என் முடிச்சில் செருகினீர்கள். "இப்பத்தான் உசுரோட இருக்கிற மாதிரி இருக்குது." எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் உயிர் போகிற வலி.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உங்களுக்கு உண்மையான பயம் பிடித்தது. வெட்டி நகர்த்திய எலும்பு கூடி உறுதிப்படும்வரை கொஞ்சம் இடம் மாறலாம், தசை அதைப் பழைய இடத்துக்கே இழுக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் ரப்பர் மாட்டியிருந்தார்கள். நீங்களோ ரப்பரை நம்பவில்லை. தினமும் காலையில் என் நாடியைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பீர்கள்.

"பழைய எடத்துக்குப் போவல கண்ணு, வச்ச எடத்துலயேதான் இருக்குது."

கட்டிய பல்லோடு ஒருநாள் கேட்டேன், உங்களுக்கு ஏன் இவ்வளவு பயம் என்று.

"எம் மொகம் எங்கூடவே போவட்டும்" என்றீர்கள்.

போன ஐப்பசியில் நீங்கள் போனபோது, நாடியைக் கட்டத் துணி தேடினார்கள். நான்தான் கட்டினேன். என் விரல்களுக்கு அந்த எலும்பு நன்றாகத் தெரியும், என்னிடமும் இருந்ததுதானே. உச்சியில் முடிச்சுப் போட்டுக் கனகாம்பரம் செருகினேன். அன்று அழுததுபோல் நான் என்றைக்கும் அழுததில்லை.

போன வாரம் தருமபுரியில் டாக்டர் எக்ஸ்ரேவைப் பார்த்தார். "ஒரு நூல் அளவு பழையபடி முன்னால வந்திருக்கும்மா. இனிமே நகராது, செட்டாயிடுச்சு. வேணும்னா கம்பி போட்டுப் பல்லச் சரி பண்ணிக்கலாம்" என்றார்.

"இருக்கட்டுங்க டாக்டர்" என்றேன்.

இப்போது மாங்காயை முன்பல்லாலேயே கடிக்கிறேன் அத்தை. ஆனால் கண்ணாடி முன் நின்று சிரித்தால், நாடி கொஞ்சம் முன்னே வருகிறது. உங்கள் முகம் முழுதாக உங்களோடு போய்விடவில்லை.