முதல் நாற்பது, கடைசி மூன்று

மார்ச் 4, செவ்வாய்

புது நோட்டு. கையெழுத்து இரண்டு பக்கம் வரைக்கும் அழகாக இருக்கும், பிறகு வழக்கம்போலத்தான்.

இன்று ஏழு சீட்டு எழுதினேன். ஒரு பயணநூல், ஒரு பேய்க்கதை, இரண்டு துப்பறியும் நாவல், ஒரு சமையல் புத்தகம், ஒரு கவிதைத் தொகுப்பு, கடல் வாணிப வரலாறு என்று தலையணை கனத்தில் ஒன்று. மதியச் சாப்பாட்டுக்கும் நூலகத்தைப் பூட்டுவதற்கும் நடுவில் ஏழு. இவற்றில் நான் உண்மையில் படித்தது சமையல் புத்தகத்தில் ஒரு பக்கம்.

ஆறு வருடத்துக்கு முன் விளையாட்டாகத் தொடங்கியது. புத்தகத்தின் முன்பக்கக் காகிதப் பையில் ஒரு வெளிர்மஞ்சள் சீட்டு, அதில் மூன்று வரி: யாருக்குப் பிடிக்கும், எப்படிப்பட்ட புத்தகம், எதற்குத் தயாராக இருக்க வேண்டும். அப்போது எல்லாவற்றையும் படித்துத்தான் எழுதினேன். சீட்டு இருக்கும் புத்தகமாகத் தேடி எடுக்க ஆரம்பித்தார்கள். நூலகச் செய்திமடலில் ‘ஆயிரம் புத்தகம் படித்தவர்’ என்று என் படத்தோடு போட்டார்கள். அன்றிலிருந்து நான் ஆயிரம் அக்கா. பெருமை தாங்கவில்லை. எல்லா அலமாரிக்கும் சீட்டு கேட்டபோது மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, ஒரு முறையைக் கண்டுபிடித்தேன். முதல் நாற்பது பக்கம், கடைசி மூன்று பக்கம், பின்னட்டை, திருப்பிக் கொடுக்க வருகிறவர் சொல்லும் நாலு வார்த்தை. பல புத்தகத்துக்கு அந்த நாற்பதும்கூடக் கிடையாது.

இதுவரை ஒருவருக்கும் தெரியாது, தங்கைக்கு மட்டும் சந்தேகம். பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்து ஊரார் வலியைக் கேட்கிறவள், வீட்டுக்கு வந்தால் என் வாயைக் கிண்டுவாள். இன்று கேட்டாள்: “ஏன்க்கா, உன் தலைமாட்டுல இருக்கற புத்தகத்துல அந்த பஸ் டிக்கெட் ரெண்டு வருஷமா அறுபத்தஞ்சாம் பக்கத்துலயே நிக்குது. பஸ் கிளம்புமா, கிளம்பாதா?”

“ரெண்டாம் தடவை படிக்கறேன்டி” என்றேன், வாய் கூசாமல்.

ஏன் படிக்க முடியவில்லை? கண் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு பக்கம் போனதும் ‘இதைப் பற்றி என்ன எழுதலாம்’ என்று மனசு வாக்கியம் தேடப் போய்விடுகிறது. வாக்கியம் கிடைத்துவிட்டால் அப்புறம் புத்தகம் எனக்கு வேண்டியிருப்பதில்லை.

மார்ச் 7, வெள்ளி

லிப்ட் மெக்கானிக் வந்தார். வெள்ளிக்கிழமைதோறும் வேலை முடிந்து வருவார். கையில் ஒட்டியிருக்கும் கிரீஸைப் பையிலிருக்கும் துணியால் விரல் விரலாகத் துடைத்த பிறகுதான் புத்தகத்தைத் தொடுவார். பேய்க்கதை, கொலைக்கதை தவிர வேறு தொடமாட்டார். என் சீட்டு சொன்னால் சொன்னதுதான் அவருக்கு.

இன்று அலமாரிப் பக்கம் போகவில்லை. மேசைக்கு வந்து குனிந்து மெதுவாகச் சொன்னார். போன மாதம் அவர்களுக்குப் பிறந்த பெண் குழந்தை பதினோரு நாள் இருந்தது. மனைவி இப்போது அதிகம் பேசுவதில்லை. டிவி போட்டால் எழுந்து போய்விடுகிறாளாம். சாயங்காலம் ஏதாவது வாசித்துக் காட்டச் சொன்னாளாம்.

“சாவு இல்லாத கதை வேணும்க்கா. யாரும் சாகக் கூடாது. நாய், பூனைகூட.”

ஏரியில் படகு ஓட்டிப் பிழைக்கும் ஒரு குடும்பத்தின் கதையை எடுத்தேன். ‘சிரித்துக்கொண்டே படிக்கலாம், மழைநாளுக்கு ஏற்றது’ என்று சீட்டு ஏற்கெனவே இருந்தது. முதல் அத்தியாயத்தில் வரும் ஏழு பேரும் கடைசிப் பக்கத்தில் ஒரே படகில் உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்தது. பேனாவை எடுத்து அவர் கண் முன்னாலேயே ஒரு வரி சேர்த்தேன்: ‘இதில் யாரும் சாகமாட்டார்கள்.’

அந்த வரியை இரண்டு தடவை படித்தார். “நீங்க எழுதிக் குடுத்துட்டீங்கல்ல, அது போதும்க்கா.”

வீடு வரும் வரைக்கும் எனக்கு நடை துள்ளலாகவே இருந்தது.

மார்ச் 10, திங்கள்

ஏழு பேரும் படகில் இருந்தார்கள், நிச்சயம். இதை ஏன் இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன்?

மார்ச் 17, திங்கள்

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையிலேயே வந்தார், அந்தப் புத்தகத்தோடு. “தேதியை மட்டும் தள்ளிப் போட்டுக் குடுங்கக்கா, இன்னும் முடிக்கல.”

“பிடிச்சிருக்கா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். சிரித்துக்கொண்டே!

“இருநூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல அந்தக் குழந்தை...” என்று நிறுத்தினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தக் குழந்தை? அதில் குழந்தையே கிடையாதே!

அவரே சொன்னார். வாசிக்கும்போது இரண்டு வரிக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். அந்தப் பாராவைத் தாண்டி, குழந்தை தூங்கிப்போச்சு என்று தானாகச் சேர்த்து வாசித்திருக்கிறார். குரல் காட்டிக் கொடுத்துவிட்டது. அவள் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கித் தானே படித்தாளாம். அழவில்லையாம். மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. எனக்கு அவரே ஒரு சமாதானம் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். “ஆயிரம் படிச்சவங்களுக்கு ஒண்ணு மறக்கறது சகஜம்தான்க்கா. அதை விடுங்க. நீங்க அந்தப் பக்கத்தைப் படிச்சப்போ என்ன பண்ணீங்க? எப்படித் தாண்டினீங்க? அவளுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல.”

உண்மையைச் சொல்ல எனக்கு அந்த இடம் இருந்தது. ‘தம்பி, நான் படிக்கல.’ மூன்று வார்த்தை. என் வாயிலிருந்து வந்தது இது: “நானும் ரெண்டு நாள் மூடி வெச்சுட்டேன் தம்பி. மூணாவது நாள்தான் திரும்ப எடுத்தேன்.”

தலையை ஆட்டிக்கொண்டார். “அவகிட்டச் சொல்றேன்.”

சொல்லப்போறாராம்! இந்நேரம் சொல்லியிருப்பாரு. ஒரு பொய்யைக் குடுத்து அனுப்பிட்டேனே, அதுவும் எங்க, எந்த வீட்டுக்கு! என்ன ஜென்மம் நான்?

மார்ச் 18, செவ்வாய்

லீவு போட்டேன். நூலகத்தில் இருந்த இன்னொரு பிரதியை நேற்றே எடுத்து வந்திருந்தேன். காலை எட்டு மணிக்கு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து சாயங்காலம் ஐந்துக்கு முடித்தேன். ஒரு புத்தகத்தை முழுசாகப் படித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது.

குழந்தை 97ஆம் பக்கத்தில் பிறக்கிறது. 212இல் போய்விடுகிறது. முதல் நாற்பதிலும் இல்லை, கடைசி மூன்றிலும் இல்லை. நான் ஆட்களை எண்ணிப் பார்த்தது சரிதான், ஏழு பேர் இருந்தார்கள், ஏழு பேரும் மிஞ்சினார்கள். எட்டாவதாக வந்ததை எண்ண நான் அங்கே இருக்கவே இல்லை.

240ஆம் பக்கத்தில் ஒன்று வருகிறது. தொட்டில் இருந்த மூலையைக் கடக்கும்போதெல்லாம் அந்த அம்மா குரலைத் தாழ்த்துகிறாள். குழந்தை போன பிறகும், பழக்கத்தில். கடைசிப் பக்கத்திலும் படகின் மூலைக்கு வரும்போது மெதுவாகப் பேசுகிறாள் என்று ஒரு வரி இருக்கிறது. சீட்டு எழுதிய அன்று அதைப் படித்திருக்கிறேன். ‘அடக்கமான நடை’ என்று வேறு நினைத்தேன்.

240இல் மூடி வைத்தேன். இரண்டு நாள் இல்லை, கால் மணி நேரம். அழுதேன். அதில் பாதி எனக்காக அழுதது என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்ததும் எழுந்து முகம் கழுவினேன்.

மார்ச் 19, புதன்

ரெண்டு நாள் மூடி வெச்சேனாம்.

மார்ச் 22, சனி

சீட்டுகளை எல்லாம் வெளியே எடுத்துப் பிரித்தேன். வெளியே போயிருக்கும் புத்தகங்களை விட்டு மொத்தம் 318. முழுதாகப் படித்து எழுதியவை 74. ‘மூச்சுவிடாமல் படித்தேன்’ என்று நான் எழுதியிருக்கும் மலையேற்ற நூலில் பக்கங்களே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அச்சகத்தில் வெட்டாமல் விட்ட ஓரம், யாரும் பிரிக்கவே இல்லை. ‘வரிக்கு வரி அறிவு’ என்று எழுதிய நட்சத்திரங்கள் பற்றிய புத்தகத்தில் எனக்குத் தெரிந்தது அட்டையில் இருக்கும் நிலா மட்டும்.

நூலகரிடம் போய் நின்றேன். “சிலதைத் திருத்தணும் சார்” என்பதற்கு மேல் வரவில்லை.

“திருத்துங்க, திருத்துங்க. நல்லா ஓடிட்டிருக்கறதை ஏன் நோண்டறீங்கன்னுதான் புரியல. அது கிடக்கட்டும், வாசல்ல ‘ஆயிரம் அக்காவின் பரிந்துரை’ன்னு ஒரு போர்டு வைக்கலாம்னு இருக்கேன். நல்லதா ஒரு போட்டோ குடுங்க.”

சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு முதுகெலும்பு என்று ஒன்று இருக்கிறதா?

மார்ச் 28, வெள்ளி

அவர் வந்தார். வாசலில் கிரீஸ் துணியைப் பார்த்ததும் அகராதி அலமாரிக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டேன், எதையோ தேடுகிறவள் மாதிரி. ஒரு வாசகர் பாவம், தானும் குனிந்து, “என்னம்மா தேடறீங்க?” என்று கேட்டார். என் மூஞ்சியை என்று சொல்லியிருக்கலாம். மெக்கானிக் போகும் வரை குனிந்தே இருந்தேன். வயது நாற்பத்தாறு.

தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிண்டல் பண்ணுவாள் என்று நினைத்தேன். பண்ணவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“போய்ச் சொல்லத்தான் வேணும். ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தாளுக்காகச் சொல்லப் போறியா, இல்ல உன் பாரத்தை அவர் தலையில எறக்கி வெக்கப் போறியா?”

தெரியவில்லை. ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் எல்லாம் ‘நான்’தான் நிறைய இருக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குக் கூடவே போய்ச் சொன்னேன். அந்தப் புத்தகத்தை நான் அப்போது படித்திருக்கவில்லை. முன்னாலும் பின்னாலும் மட்டும் பார்த்துவிட்டு எழுதினேன். இரண்டு நாள் மூடி வைத்தது பொய். பிறகுதான் முழுக்கப் படித்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டால் அவர் பரவாயில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும்.

துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கை சுத்தமாகத்தான் இருந்தது.

“அவ ரெண்டு நாள் மூடி வெச்சா. மூணாவது நாள் எடுத்தா. நீங்க அப்படிப் பண்ணீங்கன்னு நான் சொன்னதாலதான்” என்றார். பிறகு, “நான் இதைப் போய் அவகிட்ட எப்படிக்கா சொல்றது?”

“தெரியல தம்பி” என்றேன். ஒரு மாதத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் உண்மையான பதில் அதுவாகத்தான் இருக்கும். புத்தகம் எதுவும் எடுக்காமல் போய்விட்டார். ஆறு வருடத்தில் அவர் வெறும் கையோடு போனதில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

நூலகரிடமும் சொன்னேன், மிச்சம் வைக்காமல். போட்டோ தரமாட்டேன் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். “யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்றார். சீட்டிலேயே எழுதப்போகிறேன் என்றதும் முகம் சுண்டிவிட்டது.

244 சீட்டையும் கிழித்துவிட்டேன். புதிதாக எழுத ஆரம்பித்திருக்கிறேன்:

பேய்க்கதை — ‘50ஆம் பக்கம் வரை படித்தேன். பேய் இன்னும் வரவில்லை. பயம் வந்துவிட்டது.’

கடல் வாணிபம் — ‘மிளகு பற்றிய அத்தியாயம் மட்டும் படித்தேன். நன்றாக இருந்தது. மற்றவை தெரியாது.’

கவிதை — ‘பாதி படித்தேன். நாலு புரிந்தது. அந்த நாலுக்காக எடுத்துப் போகலாம்.’

நட்சத்திரம் — ‘படிக்கவில்லை.’

இன்று ஒரு வாசகி இரண்டு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்போ இவ்வளவு நாள்?”

“இவ்வளவு நாள் ஏமாத்தினேங்க” என்றேன். காது சுட்டது.

ஏப்ரல் 11, வெள்ளி

அவர் வரவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

வரவில்லை. யாரும் இப்போது ஆயிரம் அக்கா என்று கூப்பிடுவதில்லை. தங்கை மட்டும், “எழுபத்தஞ்சு அக்கா, சாப்பிட வா” என்கிறாள். படகுக்கதையையும் சேர்த்து எண்ணியிருக்கிறாள்.

ஏப்ரல் 24, வியாழன்

மதியம் ஒரு பெண் வந்தாள். முப்பது இருக்காது. படகுக்கதையை மேசையில் வைத்து, அதிலிருந்த பழைய சீட்டை வெளியே எடுத்து என் பக்கம் திருப்பினாள்.

“இதை எழுதினது யாருங்க?”

“நான்தாம்மா.”

என்னையே பார்த்தாள். நானும் பார்வையை நகர்த்தவில்லை, அதற்காவது தைரியம் வந்தது.

“ரெண்டு நாள் மூடி வெச்சது பொய்யாமே.”

“ஆமாம்மா. அப்புறமாத்தான் படிச்சேன். கால் மணி நேரம் மூடி வெச்சேன்.”

“இருநூத்திப் பன்னெண்டுலயா?”

“இல்ல. இருநூத்தி நாப்பதுல. அந்தம்மா மூலைகிட்ட வர்றப்போ குரலைத் தாழ்த்தறாங்களே, அங்க.”

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “நான் இன்னும் தாழ்த்தறேன்.”

எதையாவது சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக வாக்கியம் தேடாமல் இருந்தேன்.

பிறகு அலமாரிகளுக்கு நடுவே போனாள். புத்தகங்களைத் திறந்து சீட்டுகளை மட்டும் படித்துக்கொண்டே போனாள், எங்கோ ஓரிடத்தில் மூக்கால் சின்னதாகச் சிரித்த மாதிரி கேட்டது, பேய்க்கதையாக இருக்கலாம். ஒரு நாவலோடு திரும்பி வந்தாள். சுரங்க ஊரில் கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு விதவையின் கதை. என் சீட்டு: ‘90ஆம் பக்கம் வரை படித்தேன். அதுவரை யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மீதி தெரியாது.’

“இதுல சாவு இருக்கலாம்மா” என்றேன். “எனக்கு நிஜமாவே தெரியாது.”

“தெரியாதுன்னுதான் எழுதியிருக்கீங்களே” என்றாள். தேதி முத்திரை குத்திக் கொடுத்தேன். வாசல் வரை போனவள் திரும்பினாள். “மீதியை நான் படிச்சுட்டுச் சொல்றேன்.”

மே 9, வெள்ளி

கடிகாரக்காரியின் கதை திரும்பி வந்துவிட்டது. மெக்கானிக் கொண்டுவந்து வைத்தார். கையை விரல் விரலாகத் துடைத்தார். பேய்க்கதையை எடுத்துப் போனார்.

சீட்டில் என் வரிக்குக் கீழே பென்சிலில், குட்டிக் குட்டி எழுத்தில்: ‘131ஆம் பக்கத்தில் நாய் சாகிறது. மற்றவர்கள் நலம்.’

எனக்குத் தெரிந்து இதில் நாயே கிடையாது.

வீட்டுக்குக் கொண்டுவந்து 91இலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். 94ஆம் பக்கத்தில் வந்துவிட்டது. நல்ல நாய்.