தலைமாட்டுக்கு இரண்டு கட்டை

மார்ச் 3

அன்புள்ள கோபக்காரருக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வயிற்று வலி என்று போன ஆஸ்பத்திரியில் ஒரு பையை நீட்டி ஊதச் சொன்னார்கள். நான் ஏப்பம் விட்டேன். நர்ஸம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இன்னொரு பை எடுத்துட்டு வாங்க" என்றார்.

ஊதியதில், சின்ன வயசிலிருந்தே ஒரு கிருமி என் வயிற்றில் குடியிருந்தது தெரிந்தது. வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் அதுதானாம். பதினாலு நாள் மாத்திரையில் ஆள் காலி. வலியும் போச்சு. ஆனால் இப்போது நெஞ்சு எரிகிறது. இஸ்திரி போடக் குனிந்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரை வந்து எட்டிப் பார்க்கிறது. கண்ணை மூடினால் கனவிலும் அதுதான்: சலவைக்கடையின் வெள்ளை விரிப்பெல்லாம் கடலாகி மெல்ல மெல்ல ஏறுகிறது. நான் கட்டிலோடு மிதக்கிறேன். உங்கள் தலையணை மட்டும் தனியாக எங்கேயோ போகிறது.

"கிருமியை விரட்டினதாலயா டாக்டர்?" என்று கேட்டேன்.

"சிலருக்கு அது இருக்கிறவரை அமிலம் அடங்கியிருக்கும், போனதும் கிளம்பும். உங்களுக்கும் அப்படித்தானான்னு உறுதியா சொல்ல முடியாது. அதுக்காகத் திரும்பக் கூப்பிடக் கூடாதும்மா, மறுபடி புண்ணு வரும்" என்றார்.

உங்களைத் திரும்பக் கூப்பிடுவது பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

நீங்கள் செய்த நாற்காலி உடைந்து உங்கள் அண்ணன் விழுந்தார், நான் சிரித்தேன். அதற்கு ஏழு மாசமா வேற ஊர் மரப்பட்டறையில் போய்க் கிடப்பீர்கள்?

கட்டிலின் தலைமாட்டை அரை அடி உயர்த்த வேண்டுமாம். தெரிந்த தச்சர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாயாடி

மார்ச் 11

வாயாடிக்கு,

பார்சலில் இரண்டு கட்டை. கால் நழுவாமலிருக்கக் குழி குடைந்திருக்கிறேன். தலைமாட்டுக் கால்களுக்கு வை. சாப்பிட்டதும் படுக்காதே.

அவ்வளவுதான்.

மார்ச் 19

அன்புள்ள தச்சருக்கு,

கட்டை வந்தது. முகர்ந்து பார்த்தேன், உங்கள் சட்டை வாசனை. பக்கத்து வீட்டுக்காரர் கட்டிலைத் தூக்கிப் பிடிக்க, சொன்னபடியே வைத்தேன். எரிச்சல் இரண்டு மடங்கு. கடல் மூக்கு வரை வந்துவிட்டது. நாலு நாள் உங்கள் வேலையைத் திட்டினேன், அந்த நாற்காலியையும் சேர்த்து.

அஞ்சாம் நாள்தான் உறைத்தது. நீங்கள் போனதிலிருந்து, வாசல் கதவு தெரியட்டும் என்று நான் கால்மாட்டில் தலைவைத்துப் படுக்கிறேன். கட்டை என் காலைத்தான் உயர்த்தியிருக்கிறது.

இப்படிப் படுத்தே பழகிவிட்டது. கட்டையை இந்தப் பக்கம் மாற்றிவிடட்டுமா?

வாயாடி

மார்ச் 25

வாயாடிக்கு,

கட்டையைத் தொடாதே. தலையை மாற்று. கதவை இனி நீ பார்க்க வேண்டாம். பட்டறையில் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வருகிறேன்.

திங்கள் காலை, தலையணை மேல் வைத்தது

என்னங்க,

வேலைக்குக் கிளம்புகிறேன், எழுப்ப மனசு வரவில்லை. இரண்டு ராத்திரியாக எரியவில்லை. கடல் வந்தது, கணுக்காலை நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. இரண்டு தலையணையும் கரையில் இருந்தன.

நீங்கள் சரிவில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறீர்கள். இரண்டு காலும் கால்மாட்டுச் சட்டங்களுக்கு நடுவே முழங்கால் வரை வெளியே போயிருக்கின்றன. மெல்ல இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. ரம்பத்தைக் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்திருக்கிறேன்.

நான் சிரிக்கவில்லை.