கெந்த இலையில் கட்டிய தேயிலை

நேற்று மாலை ஹல்துமுல்லை பஸ்ஸுக்காகப் பதுளையில் காத்திருந்தபோது ஹலப்ப வாங்கினேன். குரக்கன் மாவையும் தேங்காயையும் பாகில் பிசைந்து, கெந்த மரத்தின் அகன்ற இலையில் மடித்து அவித்தது. இலையைப் பிரித்ததும் எழுந்த ஆவியில் நீ கொண்டுவரும் பொட்டலங்களின் வாசம் இருந்தது. அதற்குமேல் சாப்பிட முடியவில்லை.

உன் அண்ணன் எழுதிய கடிதம் என் கைப்பையில் இருந்தது. இந்தியாவுக்குப் போன நான்காம் வருஷம், கோத்தகிரிப் பக்கத்தில், காய்ச்சலில் நீ இறந்துவிட்டாய் என்று எழுதியிருந்தார். நீ இருந்தபோது செய்யாத ஒன்றைச் செய்வதற்காகத்தான் உங்கள் தோட்டத்துப் பக்கம் போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்.

நாம் சந்தித்தபோது இருவருக்கும் இருபத்தொரு வயது. பதுளைக் கடைவீதியில் துணி விற்கும் வீட்டிலிருந்து வந்து, உங்கள் தோட்டத்து ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். தேயிலையைச் செம்பு நிறமாக்கிவிடும் சிவப்புச் சிலந்திப்பேன்களை உருப்பெருக்கியில் எண்ணுவது என் வேலை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த உன்னை, ஒவ்வொரு வரிசையிலிருந்தும் முற்றிய இலைகளை மாதிரிக்குக் கொண்டுவரும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். முதல் நாளே உருப்பெருக்கிக் கண்ணாடியில் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாய்.

“ஆத்தாடி, இம்புட்டுக்காணு பேன எண்ணத்தான் இம்புட்டுப் படிச்சீங்களா மிஸ்? எங்க அண்ணன் தலையக் காட்டுனா வருஷம் பூரா எண்ணலாமே!”

நான் உன்னை ‘நீ’ என்றேன். நீ என்னை ‘நீங்க’ என்றாய். எத்தனையோ புத்தகம் படித்திருந்தும் அது எனக்கு உறுத்தவில்லை.

பிறகு எல்லாவற்றையும் உலர்த்தும் கச்சான் காற்று தொடங்கியது. நாலாம் நம்பர் மலையிலிருந்து நீ இறங்கி வருவதற்குள் காகிதப் பைக்குள் இலைகள் வாடிச் சுருண்டுவிடும். அதனால் நீயாகவே, மலைக்கு மேலுள்ள காட்டிலிருந்து கெந்த இலை பறித்து, தண்ணீர் தெளித்து, அதில் தேயிலையைச் சுற்றிக் கொண்டுவந்தாய். இலைகள் பச்சையாகவே வந்தன. ஆனால் காட்டை ஒட்டிய வரிசைகளின் பொட்டலத்தில் சிவப்புப் பேன் மிகக் குறைவு. வேறொன்று இருந்தது. வெளிறிய, கண்ணாடித் துளி போன்ற ஒன்று, பார்க்கப் பார்க்க ஓடி ஒளிந்தது.

நீ நிழலில் உட்கார்ந்துகொண்டு, கைக்கு எட்டிய நல்ல இலைகளைப் பறித்து, காட்டுக் குப்பையோடு சேர்த்துக் கட்டிவிட்டாய் என்று நினைத்தேன். உன்னிடம் கேட்கவில்லை. “மாதிரி நம்பத்தகாதது” என்று குறிப்பேட்டில் எழுதினேன். அதிகாரி அதைப் படித்துக் கங்காணியிடம் சொன்னார். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் கங்காணி உன்னை நிறுத்தி வைத்தாராம். “காட்டு எலயக் கட்டி ஆபீசையே ஏமாத்துன மகாராணி! போ, செங்குத்து மலையில போய் கொழுந்து பறி” என்றாராம்.

உன் இடத்துக்கு வந்த ஆள் சொன்னபடியே காகிதப் பையில் கொண்டுவந்தார். அப்போதும் அந்த வரிசைகளில் சிவப்புப் பேன் இல்லை. உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு நானே மலை ஏறினேன்.

நான்கு நாட்கள் காட்டோரத்தில் இருந்தேன். தேயிலையின் அடிப்புறத்தில், நடு நரம்பை ஒட்டி, அந்த வெளிறிய துளி பதுங்கியிருந்தது. ஓடிவந்து ஒரு சிவப்பு முட்டையைப் பிடித்து உறிஞ்சியது. கெந்த இலையைத் திருப்பினால் அங்கே இன்னும் பல. காட்டை விட்டு விலகிப் போகப் போக அவை குறைந்தன, தேயிலை சிவந்தது. காகிதப் பையில் இலை வாட வாட இந்த வேட்டைக்காரர்கள் இறங்கி ஓடிவிடுவார்கள். உன் ஈரப் பொட்டலத்தில்தான் தங்கினார்கள். சில கெந்த இலையிலிருந்தே வந்திருக்கலாம். ஆனால் நீ கொண்டுவந்த தேயிலை, சொன்ன வரிசையில் சொன்னபடி பறித்ததுதான்.

அதிகாரிக்கு மகிழ்ச்சி. காட்டோர வரிசைகளுக்கு மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். நான் உன் லயத்து வீட்டுக்கு வந்தேன். நீ அடுப்பில் ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாய். நான் சொன்னதையெல்லாம் கேட்டாய்.

“பேனுக்காக நாலு நாளு காட்டோரம் குந்தியிருந்தீங்களாமே. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல மிஸ்?”

மன்னித்துக்கொள் என்றேன்.

“பெரட்டுல சொன்னத பெரட்டுலதான் மாத்தணும். இங்க அடுப்படியில வந்து சொன்னா யாருக்குக் கேக்கும்?” என்றாய். பிறகு ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாய்.

சொல்கிறேன் என்றேன். அத்தனை பேர் முன்னால் வாய் திறக்க எனக்குக் கூச்சம். நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளினேன். அதற்குள் உங்கள் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. பதுளை ஸ்டேஷனில் ரயில் நகரும்போது நீ என்னைப் பார்த்துக் கையசைத்தாய். நான் கொடுத்த வாக்கை அப்போதும் நினைவுபடுத்தவில்லை.

இன்று காலை பெரட்டுக்குப் போனேன். பாதி முகங்கள் புதிது. புதிய கங்காணி அனுமதி தந்தார். உன் பெயரையும் உன் அப்பா பெயரையும் சொல்லி, அவள் யாரையும் ஏமாற்றவில்லை, தவறு என்னுடையது என்றேன். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டிருந்த வயதான பெண் ஒருத்தி திரும்பினாள்.

“அது எங்களுக்கு அன்னைக்கே தெரியும்ல. அவ ஏமாத்துறவளா? இதச் சொல்லவா மிஸ் பதுளையில இருந்து வந்தீங்க?”

“ஆமாங்க” என்றேன்.

“அவ இருக்கும்போது வந்திருக்கணும்” என்று சொல்லிவிட்டு மலைக்கு நடந்தாள்.

இப்போதெல்லாம் ஒருவரைப் பற்றிக் குறிப்பேட்டில் எழுதுவதற்கு முன் எழுந்துபோய் அவரிடமே கேட்கிறேன். அது உன்னால் வந்த பழக்கம். திரும்பும் வழியில் நாலாம் நம்பர் மலைக்கு ஏறினேன். காடு அப்படியே இருந்தது. ஒரு கெந்த இலையைப் பறிக்காமல் மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன். நரம்போரத்தில் வெளிறிய துளி ஒன்று ஓடியது.